ஸ்டார் ட்ரெக் பார்க்க எங்கே தொடங்குவது? சென்னைப் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

ஸ்டார் ட்ரெக் என்ற விண்வெளிக் கதைத் தொடர் 1966 செப்டம்பர் 8 அன்று அமெரிக்காவின் என்.பி.சி. தொலைக்காட்சியில் தொடங்கியது. அன்றிலிருந்து பத்துக்கு மேற்பட்ட தொடர்கள், 900க்கு மேற்பட்ட எபிசோடுகள், அது போக 13 திரையரங்குப் படங்கள் வந்துவிட்டன. தினம் ராத்திரி இரண்டு எபிசோடு என்று உட்கார்ந்தாலும் ஒன்றேகால் வருஷம் ஓடும். புதிதாக வருகிறவர் பெரும்பாலும் சீசன் ஒன்று, எபிசோடு ஒன்று என்று போட்டிருக்கும் இடத்தில் தட்டி, நாலாவது எபிசோடில் சலித்துப்போய் ரிமோட்டைக் கீழே வைத்துவிடுகிறார். தொடரின் மேல் குற்றமில்லை. நுழைந்த வாசல்தான் தப்பு.

எண்பதுகளில் தூர்தர்ஷனில் ஞாயிறு காலையில் 1966 தொடரின் கேப்டன் கிர்க்கையும் அவருடைய துணை அதிகாரி ஸ்பாக்கையும் பார்த்து வளர்ந்த மாமாவோ சித்தப்பாவோ வீட்டில் இருந்தால், "1966 தொடரிலிருந்தே ஆரம்பி" என்பார்கள். பாசத்தில் சொல்வது. தலையாட்டிவிட்டு மேலே படியுங்கள்.

எது தனிக்கதை, எது தொடர்கதை

எந்த வரிசையில் பார்ப்பது என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று உண்டு: கையில் எடுக்கும் தொடர் தனிக்கதை வகையா, தொடர்கதை வகையா?

1966 தொடர் (79 எபிசோடு), 1987இல் தொடங்கிய நெக்ஸ்ட் ஜெனரேஷன் (178 எபிசோடு), 1995இல் தொடங்கிய வாயேஜர் (172 எபிசோடு) மூன்றும் பெரும்பாலும் தனிக்கதைகள். கப்பல் ஒரு கிரகத்துக்குப் போகும், சிக்கல் வரும், 45 நிமிஷத்தில் தீரும், அடுத்த வாரம் வேறு கிரகம். இவற்றில் எபிசோடுகளைத் தாண்டிப் போகலாம். நஷ்டம் எதுவும் இல்லை. முன்னெல்லாம் பார்த்தவர்களும் அப்படித்தான் பார்த்தார்கள், ஏதாவது ஒரு வாரம் கரன்ட் போயிருக்கும்.

டீப் ஸ்பேஸ் நைன் (1993–1999) தனிக்கதையாகத் தொடங்கித் தொடர்கதையாக மாறும். டிஸ்கவரியும் (2017–2024) பிகார்டும் (2020–2023) தொடர்கதைகள். இவற்றில் நடுவில் ஒன்றை விட்டால் அடுத்தது புரியாது. 2022இல் தொடங்கிய ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ் மறுபடி தனிக்கதைப் பாணிக்கே திரும்பியது.

கதை நடக்கும் வருஷப்படி பார்க்கலாமே என்று சிலர் யோசனை சொல்வார்கள். அப்படிப் போனால் 2151இல் நடக்கும் எண்டர்பிரைஸ் முதலில் வரும். அந்தத் தொடர் எடுக்கப்பட்டதோ 2001இல். பார்ப்பவருக்கு வல்கன், கிளிங்கான் என்ற வேற்றுக்கிரக இனங்கள் யார் என்பதெல்லாம் முன்பே தெரியும் என்ற நம்பிக்கையில் எழுதியது. "ஓ, இது இப்படித்தான் ஆரம்பித்ததா" என்று ரசிக்க வேண்டிய இடங்கள் புதியவருக்கு வெறும் வசனமாகக் கடந்து போகும்.

வாசல் இரண்டு

பழைய படத்தரம் உறுத்தாதவர்களுக்கு நெக்ஸ்ட் ஜெனரேஷன். ஆனால் முதல் சீசனிலிருந்து வேண்டாம். அதன் தொடக்க எபிசோடுகளில் 'கோட் ஆஃப் ஹானர்' போல ரசிகர்களே ஒளித்துவைக்க நினைப்பவை இருக்கின்றன. இரண்டாவது சீசன் 1988இல் நடந்த ஹாலிவுட் எழுத்தாளர் வேலைநிறுத்தத்தில் மாட்டி 22 எபிசோடாகக் குறைந்தது. கடைசி எபிசோடு பழைய காட்சிகளை வெட்டி ஒட்டிய ஒப்பேற்றல். மூன்றாவது சீசனில் மைக்கேல் பில்லர் எழுத்தாளர் குழுவின் பொறுப்பை எடுத்த பிறகுதான் கதை கப்பல் பணியாளர்களின் மனதுக்குள் இறங்கியது. கண்ணாலேயே கண்டுபிடிக்க ஒரு அடையாளம் இருக்கிறது. முதல் இரண்டு சீசனில் எல்லோரும் உடம்போடு ஒட்டிய, கழுத்தில் பட்டி இல்லாத ஒற்றைத் துண்டு உடையில் இருப்பார்கள். மூன்றாவது சீசனில் முக்கிய நடிகர்கள் காலர் வைத்த உடைக்கு மாறுவார்கள். கேப்டன் பிகார்டின் கழுத்தில் காலர் தெரிந்தால் தைரியமாக உட்காரலாம்.

பழைய படம் என்றாலே ஆகாது என்பவர்களுக்கு ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ். சீசனுக்குப் பத்தே எபிசோடு, படம் பளிச்சென்று இருக்கும், ஒவ்வொன்றும் தனிக்கதை. தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: இதன் நாயகரான கேப்டன் பைக் தனக்கு வரப்போகும் கோரமான விபத்தை டிஸ்கவரியின் இரண்டாவது சீசனில் முன்கூட்டியே பார்த்துவிட்டார். அவர் முகத்தில் அவ்வப்போது படரும் இருட்டுக்குக் காரணம் அது.

முதல் தொடராக எடுக்கவே கூடாதது பிகார்டு. பேர் ஒரு ஆளின் பேராக இருப்பதால் புதுத்தொடர் என்று பலர் அதில் ஏறிவிடுகிறார்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷன் முழுவதையும், வாயேஜரில் வரும் செவன் ஆஃப் நைன் என்ற பாத்திரத்தையும் தெரிந்தவருக்காக எழுதியது அது. மூன்றாவது சீசன் பழைய நண்பர்கள் ஒன்றுகூடும் விழா. அந்த நண்பர்களை முன்பின் தெரியாமல் போய் நிற்பதில் என்ன இருக்கிறது?

எங்கே கிடைக்கும், எவ்வளவு டேட்டா ஆகும்

இந்தியாவில் இந்தத் தொடர்களின் ஒளிபரப்பு உரிமை ஓரிடத்தில் நிற்பதில்லை. டிஸ்கவரி 2017 முதல் நெட்ஃபிளிக்ஸில் இருந்தது. 2021 நவம்பரில், நான்காவது சீசன் வரவேண்டிய அதே வாரத்தில் எடுத்துவிட்டார்கள். பிகார்டு பிரைம் வீடியோவில் வந்தது. ஆகவே ஸ்டார் ட்ரெக்குக்காக மட்டும் எந்த ஓடிடிக்கும் வருஷச் சந்தா கட்டாதீர்கள். முதலில் ஆப்பில் தொடரின் பேரைத் தேடி, எத்தனை சீசன் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்துக்கு மட்டும் கட்டுங்கள். முதல் சீசனை மட்டும் போட்டுவைத்திருக்கும் இடத்தில் பணம் கட்டி, மேலே சொன்ன காலர் வரும்வரை காத்திருந்து ஏமாறவேண்டாம்.

போனில் பார்ப்பவர்கள் டேட்டா கணக்கு பார்த்தாக வேண்டும். சாதாரணத் தரத்தில் மணிக்குச் சுமார் 1 ஜி.பி., எச்.டி.யில் சுமார் 3 ஜி.பி. போகும். தினம் ஒன்றரை ஜி.பி. பேக்கில் எச்.டி. எபிசோடு ஒன்று முடிவதற்குள் வேகம் படுத்துவிடும். வீட்டு வைஃபையில் முதல்நாள் ராத்திரியே டவுன்லோடு செய்துகொள்வது நல்லது. கடற்கரை–தாம்பரம் மின்சார ரயிலில் முனையிலிருந்து முனைவரை போகிறவருக்கு ஒரு எபிசோடு கச்சிதமாக அடங்கும். சில ஆப்களில் டவுன்லோடு செய்த எபிசோடைப் பார்க்கத் தொடங்கி 48 மணி நேரம் ஆனால் காலாவதியாகிவிடும். வெள்ளிக்கிழமை பாதி பார்த்ததைத் திங்கட்கிழமை ரயிலில் தொடரலாம் என்றிருந்தால் ஏமாற்றம்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரன்டும் நெட்டும் சேர்ந்து போகும் நாட்களுக்கென்று நாலைந்து எபிசோடு கைவசம் இருக்கட்டும்.

டீப் ஸ்பேஸ் நைனும் வாயேஜரும் எச்.டி.யிலேயே கிடையாது என்பது பலருக்குத் தெரியாது. இரண்டையும் ஃபிலிமில் எடுத்து, எடிட்டிங்கையும் எஃபெக்ட்ஸையும் வீடியோ டேப்பில் முடித்தார்கள். நெக்ஸ்ட் ஜெனரேஷனும் அப்படித்தான் எடுக்கப்பட்டது. ஆனால் அதன் மூல ஃபிலிமைத் தேடியெடுத்து, ஷாட் ஷாட்டாக மறுபடி ஒட்டி, 2012 முதல் ப்ளூரேயில் வெளியிட்டார்கள். மற்ற இரண்டுக்கும் அந்த வேலை நடக்கவில்லை. அந்தத் தொடர்களுக்கு டேட்டா சேமிப்பு மோடே போதும். 55 இஞ்ச் டிவியில் படம் கொழகொழவென்று தெரிந்தால் கேபிளையும் நெட்டையும் திட்டாதீர்கள், அது அவ்வளவுதான்.

டிவி செட்டிங்கில் மூன்று மாற்றங்கள்

1966 தொடரிலிருந்து வாயேஜர் வரை எல்லாம் பழைய 4:3 சதுரப் படம். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை வருவதுதான் சரி. அதை நிரப்புகிறேன் என்று பிக்சர் சைஸில் போய் இழுத்துவிட்டால் பிகார்டின் தலை பூசணிக்காயாகிவிடும். ஜூம் வைத்தால் நெற்றி வெட்டுப்படும். கிளிங்கானுக்கு அடையாளமே நெற்றிதான்.

புது டிவிகளில் அசைவை வழுவழுப்பாக்கும் மோஷன் வசதி ஒன்று இருக்கும். அணைத்துவிடுங்கள். அது இருந்தால் கப்பலின் கட்டுப்பாட்டு அறை ராத்திரி எட்டு மணி மெகாசீரியல் செட்டைப் போலத் தெரியும்.

அடுத்த எபிசோடைத் தானாக ஓட்டும் ஆட்டோபிளேயையும் நிறுத்துங்கள். நீங்கள் தேர்ந்தெடுத்துப் பார்க்கப் போகிறீர்கள். ஆப் வரிசையாகத் தள்ளப் பார்க்கும்.

ஆங்கில சப்டைட்டிலை ஆன் செய்துகொள்ளுங்கள். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்தவருக்கும் இது தேவைப்படும். தலைமைப் பொறியாளர் ஜார்டி பேசுவதில் பாதி, அகராதியில் இல்லாத சொற்கள். அவற்றைப் புரிந்துகொள்ள முயலவும் வேண்டாம். "எதையோ சரிசெய்ய நாலு நிமிஷம் ஆகும்" என்று எடுத்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கலாம்.

முதல் பத்து எபிசோடுகள்

இவை நெக்ஸ்ட் ஜெனரேஷனிலிருந்து. எண்ணை நம்பாமல் பேரை வைத்துத் தேடுங்கள். இரட்டை எபிசோடை ஒரு ஆப் ஒன்றாக எண்ணும், இன்னொன்று இரண்டாக எண்ணும்.

1. 'தி மெஷர் ஆஃப் எ மேன்' (சீசன் 2, எபிசோடு 9). டேட்டா என்ற மனித உருவ இயந்திர அதிகாரியைப் பிரித்துப் பார்த்து ஆராய ஒருவர் வருகிறார். டேட்டா மறுக்கிறார். மறுக்க அவருக்கு உரிமை உண்டா, அல்லது அவர், கப்பல்களை அனுப்பும் விண்படையான ஸ்டார்ஃப்ளீட்டின் உடைமையா? விசாரணையில் டேட்டாவின் நண்பரான ரைக்கரே எதிர்த்தரப்பில் வாதாட வேண்டிய கட்டாயம். சண்டையே இல்லை. இது பிடிக்கவில்லை என்றால் இந்தத் தொடர் உங்களுக்கானது இல்லை என்று இங்கேயே தெரிந்துவிடும், கிட்டத்தட்ட ஏழு மணி நேரம் மிச்சம்.
2. 'க்யூ ஹூ' (2:16). போர்க் என்ற எதிரிகள் முதன்முதலில் வரும் எபிசோடு.
3. 'ஹூ வாட்சஸ் தி வாட்சர்ஸ்' (3:4). முன்னேறாத சமூகங்களின் வளர்ச்சியில் தலையிடக்கூடாது என்பது ஸ்டார்ஃப்ளீட்டின் தலையாய சட்டம், பிரைம் டைரக்டிவ். ஒளிந்திருந்து ஆராய்ச்சி செய்தவர்கள் மாட்டிக்கொள்ள, அந்த ஊர்க்காரர்கள் பிகார்டைக் கடவுளாக்கிவிடுகிறார்கள்.
4. 'யெஸ்டர்டேஸ் எண்டர்பிரைஸ்' (3:15). பாதுகாப்பு அதிகாரி டாஷா யார் முதல் சீசனிலேயே இறந்துவிட்டார் என்பது மட்டும் தெரிந்திருக்க வேண்டும்.
5. 'தி பெஸ்ட் ஆஃப் போத் வேர்ல்ட்ஸ்' முதல் பாகம் (3:26). க்யூ ஹூ பார்க்காமல் இதைப் பார்க்காதீர்கள்.
6. அதன் இரண்டாம் பாகம் (4:1). 1990இல் பார்த்தவர்கள் இதற்குக் கோடை விடுமுறை முழுக்கக் காத்திருந்தார்கள்.
7. 'ஃபேமிலி' (4:2). பலர் இதைத் தாண்டிவிடுகிறார்கள், ஏனென்றால் ஆபத்து எதுவும் இல்லை. முந்தைய இரண்டில் நடந்தது பிகார்டை என்ன செய்தது என்பதை அவர் அண்ணன் வீட்டில் வைத்துச் சொல்கிறது. தாண்டாதீர்கள்.
8. 'டார்மோக்' (5:2).
9. 'காஸ் அண்ட் எஃபெக்ட்' (5:18).
10. 'தி இன்னர் லைட்' (5:25). இதைக் கடைசியில்தான் பார்க்கவேண்டும். பிகார்டு குடும்பம் இல்லாத, கட்டுப்பாடான மனிதர் என்பது மனதில் ஊறிய பிறகுதான் இதன் கனம் ஏறும். 1993இல் ஹ்யூகோ விருது வாங்கியது.

எட்டையும் ஒன்பதையும் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும், ஏனென்றால் அங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள்.

டார்மோக்கில் வரும் டமேரியர்கள் பேசும் ஒவ்வொரு சொல்லையும் மொழிபெயர்ப்புக் கருவி சரியாகவே மாற்றிக் கொடுக்கிறது. ஆனால் அர்த்தம் விளங்காது. ஊர்ப்பேரும் ஆள்பேருமாகக் கொட்டுவார்கள். சப்டைட்டில் கெட்டுப்போய்விட்டது என்று பின்னால் ஓட்டிப் பார்க்கவேண்டாம். நம்மூரில் ஒருவர் "எடுக்கவோ, கோக்கவோ" என்றால், கர்ணன் கதை தெரிந்தவருக்குத் துரியோதனன் நண்பன்மேல் வைத்த நம்பிக்கை முழுவதும் கண்முன் வரும். தெரியாதவருக்கு அது ஏதோ மணி கோக்கிற பேச்சு. டமேரியர்களின் மொழி முழுக்கவே அப்படி. முதல் பதினைந்து நிமிஷம் பிகார்டுக்கும் புரியாது, உங்களுக்கும் புரியக்கூடாது.

காஸ் அண்ட் எஃபெக்டில் டைட்டில் வருவதற்கு முன்பே கப்பல் வெடித்துச் சிதறும். டைட்டில் முடிந்ததும் எல்லோரும் உட்கார்ந்து சீட்டாடிக்கொண்டிருப்பார்கள். கொஞ்ச நேரத்தில் அதே சீட்டாட்டம் மறுபடி வரும். ஆப் கோளாறு என்று முன்னே தள்ளிவிடாதீர்கள். ஒவ்வொரு முறையும் கேமரா கோணமும் பேச்சும் துளி மாறும். அதைக் கவனிப்பதுதான் ஆட்டமே. இயக்கியவர் ரைக்கராக நடித்த ஜானதன் ஃப்ரேக்ஸ்.

பத்தும் முடிந்து பிடித்துப்போனால் மூன்றாவது சீசன் முதல் வரிசையாகப் போகலாம். முதல் சீசனின் முதல் கதையான 'என்கவுன்டர் அட் ஃபார்பாயின்ட்'டை ஏழாவது சீசனின் கடைசி எபிசோடுக்கு முந்தைய நாள் பாருங்கள். கடைசிக் கதை அந்த முதல் கதைக்குள்ளேயே திரும்பிப் போகிறது.

பார்க்கும்போது தெரிந்திருக்க வேண்டியவை

சட்டை நிறம். 1966 தொடரில் தலைமைப் பொறுப்புக்கு மஞ்சள், மருத்துவத்துக்கும் அறிவியலுக்கும் நீலம், பொறியியலுக்கும் பாதுகாப்புக்கும் சிவப்பு. கிரகத்தில் இறங்கும் பேர் தெரியாத சிவப்புச் சட்டைக்காரர் திரும்பி வரமாட்டார் என்ற கிண்டல் அங்கிருந்து வந்தது. நெக்ஸ்ட் ஜெனரேஷனில் மஞ்சளும் சிவப்பும் இடம் மாறிவிட்டன: கேப்டன் சிவப்பு, பொறியாளர் மஞ்சள். நீலம் மட்டும் அப்படியே. இரண்டு தொடரையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறவர் யார் கேப்டன் என்று குழம்புவது இதனால்தான்.

ஸ்டார்டேட். பெரும்பாலான கதைகள் கேப்டனின் குறிப்பேட்டோடு, தேதியைக் குறிக்கும் ஒரு எண்ணோடு தொடங்கும். நெக்ஸ்ட் ஜெனரேஷனில் அது ஐந்து இலக்க எண், அதன் இரண்டாவது இலக்கம்தான் சீசன்: 41 என்று தொடங்கினால் முதல் சீசன், 45 என்றால் ஐந்தாவது. 1966 தொடரின் எண்களில் அப்படி ஒழுங்கு எதையும் தேடவேண்டாம்.

வார்ப் வேகம். வார்ப் 1 என்றால் ஒளியின் வேகம். பழைய தொடரில் எண்ணின் கனம்தான் (6 × 6 × 6 என்பதுபோல) கணக்கு. வார்ப் 6 ஒளியைப்போல் 216 மடங்கு. நெக்ஸ்ட் ஜெனரேஷன் அளவுகோலை மாற்றி, வார்ப் 10ஐ எட்டவே முடியாத எல்லையாக வைத்தது. அதே வார்ப் 6 இப்போது சுமார் 392 மடங்கு. வாயேஜர் 70,000 ஒளியாண்டு தள்ளிப்போய் மாட்டிக்கொண்டு, வீடு திரும்ப 75 வருஷம் என்று சொல்வதை இதே அளவுகோலில் போட்டுப் பாருங்கள்: சராசரி வார்ப் 8க்குக் கொஞ்சம் கீழே வரும். எழுதியவர்கள் கணக்குப் போட்டுத்தான் எழுதியிருக்கிறார்கள்.

கிளிங்கான் முகம். 1966 தொடரில் சாதாரண நெற்றி, 1979 படத்திலிருந்து மேடு பள்ளம். காரணம் ஒப்பனைக்குக் கிடைத்த பணம். கதைக்குள் காரணம் சொல்ல 2005 வரை, எண்டர்பிரைஸின் நான்காவது சீசன் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கிளிங்கானுக்கு மார்க் ஓக்ராண்ட் என்ற மொழியியலாளர் இலக்கணத்தோடு தனி மொழியே செய்திருக்கிறார். அதில் ஒரு ஒலி நம் 'ட'வைப் போல நாக்கை மடித்துச் சொல்வது. அமெரிக்க ரசிகர்கள் அதற்குப் பயிற்சி எடுக்கிறார்கள். நமக்குச் சும்மா வரும்.

அடுத்து எங்கே

இப்போது மாமா சொன்ன 1966 தொடருக்குப் போகலாம். முதலில் 'பாலன்ஸ் ஆஃப் டெரர்', பிறகு 'ஸ்பேஸ் ஸீட்', 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்', 'அமோக் டைம்', 'தி டிரபிள் வித் டிரிபிள்ஸ்'. நிராகரிக்கப்பட்ட முதல் மாதிரிப் படமான 'தி கேஜ்'ஜைச் சில ஆப்கள் முதல் எபிசோடாகப் போட்டிருக்கும். கிர்க் எங்கே என்று தேடாதீர்கள், அதில் கேப்டன் பைக். மூன்றாவது சீசனில் பணத்தைக் குறைத்து, வெள்ளி ராத்திரி பத்து மணிக்குத் தள்ளினார்கள். அதன் முதல் எபிசோடு 'ஸ்பாக்ஸ் பிரெயின்' எதற்குப் பேர்போனது என்பதைச் சிரிக்கத் தோன்றும் நாளில் பார்த்துக்கொள்ளலாம்.

ஸ்பேஸ் ஸீட் பார்த்த கையோடு 1982 படமான 'தி ராத் ஆஃப் கான்'. எபிசோடில் விட்ட வில்லன் பதினைந்து வருஷம் கழித்து அதில் திரும்பி வருகிறான். 1979 படம் மெதுவாக நகரும். மொட்டைத் தலையோடு அதில் கப்பலின் வழிகாட்டி அதிகாரியாக வரும் ஐலியா, 1965இன் மிஸ் இந்தியா பெர்சிஸ் கம்பாட்டா. 2009, 2013, 2016இல் வந்த மூன்று படங்களும் வேறொரு காலக்கோட்டில் நடப்பவை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம், ஆனால் மற்றதெல்லாம் அதே வேகத்தில் ஓடும் என்று எதிர்பார்த்து வராதீர்கள்.

டீப் ஸ்பேஸ் நைனுக்குப் பொறுமை வேண்டும். கதை பெரும்பாலும் ஒரு விண்நிலையத்தில் நடக்கும். அண்மையில் விடுதலை பெற்ற பஜோர், அதை ஐம்பது வருஷம் ஆண்ட கார்டாசியர்கள், நடுவில் மாட்டிய நிலையத் தலைவர் சிஸ்கோ. தொடக்கக் கதையான 'எமிசரி', முதல் சீசன் கடைசிக்கு முந்தைய 'டூயெட்', இரண்டாவது சீசன் கடைசியான 'தி ஜெம்ஹடார்' மூன்றையும் பார்த்துவிட்டு மூன்றாவது சீசனிலிருந்து எதையும் விடாமல் போங்கள். ஆறாவது சீசனின் தொடக்க எபிசோடுகள் ஆறும் ஒரே கதை. மறுநாள் ஆபீஸ் இருக்கும் ராத்திரியில் அதைத் தொடங்காதீர்கள்.

வாயேஜருக்கு முதல் கதை 'கேர்டேக்கர்', அதன்பின் நேராக மூன்றாவது சீசன் முடிவில் 'ஸ்கார்ப்பியன்'. எண்டர்பிரைஸ் நான்காவது சீசனில்தான் தலைதூக்கியது. அதில் 'டெரா பிரைம்' முடிந்ததும் நிறுத்திவிடுங்கள். அதற்கு அடுத்த கடைசி எபிசோடு, தன் தொடரின் முடிவை வேறு தொடரின் ஆட்களிடம் தூக்கிக் கொடுத்துவிட்டது.

குழந்தைகளோடு பார்க்க பிராடிஜி. அதுவும் கார்ட்டூன், லோயர் டெக்ஸும் கார்ட்டூன் என்பதால் இரண்டும் ஒன்றென்று நினைத்துப் பத்து வயதுப் பிள்ளையை உட்காரவைத்துவிடாதீர்கள். லோயர் டெக்ஸில் கெட்ட வார்த்தையும் ரத்தமும் தாராளம். அது பெரியவர்களுக்கானது, அதன் நகைச்சுவையில் முக்கால்வாசி பழைய எபிசோடுகளை வைத்துச் செய்வதால், மேலே சொன்னவற்றில் பாதியையாவது முடித்த பிறகுதான் சிரிப்பு வரும்.